நாலு கடவாய்ப் பல்லுக்குச் சீல் வைத்த விவரம்

அன்பும் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கோபமும் நிறைந்த தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அண்ணி நலம், உன் மகள் மிளகு நலம், மிளகின் வாயில் முன்னால் விழுந்த இரண்டு போக மீதி இருபத்திரண்டு பல்லும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், உங்கள் இருவரையும் ஒரே நேரத்தில் பயிற்சிக்கு அனுப்பிய புத்திசாலிக் கம்பெனியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உன் நாத்தனாரின் ஆள்காட்டி விரலும் சீக்கிரம் நலமாகட்டும். அதைப்பற்றிப் பின்னால் வருகிறேன்.

முதல் விஷயம், இவ்வளவும் நடக்கும் என்று நான் முன்கூட்டியே சொன்னவன். எட்டு வாரத்துக்கு நீங்கள் கிளம்பிய அன்று உன் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டே, "பார்த்துக்கிட்டே இரு, ஏதோ ஒண்ணு நடக்கப்போகுது" என்று சொன்னேனா இல்லையா? நீகூட "என்னண்ணா நடக்கும்?" என்று கேட்டாய். "இப்பவே சொன்னா நீ பயந்துடுவே" என்றேன். நடந்ததா இல்லையா? பல் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். மனதுக்குள் பல் என்றுதான் நினைத்தேன். மாப்பிள்ளைக்கு இதில் சந்தேகம் இருந்தால் உன் அண்ணியைக் கேட்கட்டும். வேண்டாம், அவளைக் கேட்க வேண்டாம்.

இரண்டாவது விஷயம், வெள்ளிக்கிழமை காலை உன் நாத்தனார் வந்து மிளகைப் பெட்டியோடு அழைத்துக்கொண்டு போவாள், மீதி ஐந்து வாரமும் குழந்தை அங்கேதான் இருக்கும் என்று போனில் தீர்ப்புச் சொல்லிவிட்டாய். என் பக்கத்து நியாயத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இனிமே மெசேஜ் போடாதண்ணா, உன் மெசேஜ் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடைக்குது" என்று வேறு சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். சரி, கடிதத்துக்குச் சத்தம் கிடையாது. உன் ஆபீஸ் தோழி நாளை வியாழக்கிழமை அங்கே வருகிறாளாம், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். முழுவதையும் படி. படித்துவிட்டு உன் நாத்தனாருக்கு ஒரே ஒரு போன் போட்டு, "வேண்டாம், பாப்பா அண்ணன் வீட்டிலேயே இருக்கட்டும்" என்று சொல். நான் கேட்பது அவ்வளவுதான். இனி நடந்ததை நடந்தபடி, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன்.

போன வாரம் மிளகின் பள்ளிக்கூடத்தில் பல் பரிசோதனை வைத்தார்கள். மாலையில் ஒரு துண்டுச்சீட்டோடு வந்தாள். புதிதாக நான்கு கடவாய்ப் பற்கள் முளைத்திருக்கின்றன, அவற்றின் மேல் பள்ளங்கள் ஆழமாக இருக்கின்றன, சொத்தை விழுவதற்கு முன்னால் சீல் வைத்துவிடுவது நல்லது என்று அச்சடித்திருந்தது. உடனே உனக்குப் போன் போட்டேன். நீயும் "கூட்டிட்டுப் போண்ணா, முடிஞ்சதும் ஒரு வரி போடு" என்றாய். ஞாபகம் வைத்துக்கொள், ஒரு வரி போடச் சொன்னது நீ. போடாமல் இருந்திருந்தால் இன்றைக்கு யாருக்கும் எந்தத் தொல்லையும் இல்லை.

சீல் வைப்பதைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்பது உனக்கே தெரியும். இருபத்தெட்டு வருஷமாகக் கிடங்கு வாசலில் நின்று லாரிக் கதவுக்குச் சீல் வைக்கிறவன் நான். கதவைச் சாத்து, கம்பியைக் கோத்துவிடு, ஈயத்தை நசுக்கு, நம்பரை நோட்டில் எழுது. என் கை பட்ட சீலை இதுவரைக்கும் ஒரு திருடன் உடைத்ததில்லை. ஒருத்தன் பாதி வழியில் லாரியை மறித்துவிட்டு, டார்ச் அடித்துச் சீலைப் பார்த்து, "டேய், இது அவர் வெச்சதுடா, விடு" என்று வழி விட்டுவிட்டான் என்று டிரைவர்கள் இன்றைக்கும் பேசிக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட என்னிடம் பள்ளிக்கூடத்துக்காரர்கள் சீல் என்று எழுதி அனுப்பினால் நான் என்ன நினைப்பேன்? சீல் என்பது லோடு முழுவதும் ஏற்றி முடித்த பிறகு வைப்பது. வைத்துவிட்டால் அப்புறம் ஒரு சின்னப் பொட்டலம்கூட உள்ளே போகாது. ஆகையால் சனிக்கிழமை காலையில் எழுந்ததும் முதல் வேலையாக லோடு ஏற்ற ஆரம்பித்தேன். பிஸ்கட், கேக், சாக்லேட், கடைசியாகப் பல்லில் ஜவ்வு மாதிரி ஒட்டுமே அந்த டாஃபி, கைக்குக் கிடைத்ததையெல்லாம் கொடுத்தேன். உன் அண்ணி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

"பல் டாக்டர்கிட்ட போற பிள்ளைக்கு டாஃபி குடுக்கறீங்களே, தெரிஞ்சுதான் செய்யறீங்களா?"

"சீல் வெச்சப்புறம் உள்ள ஒண்ணும் போகாது. இப்பவே ஏத்தினாத்தான் உண்டு."

மிளகு மென்றுகொண்டே யோசித்தாள். "மாமா, அப்ப நாளைக்கு நான் எப்படி சாப்பிடுவேன்?"

"அது டாக்டரோட பொறுப்பு" என்றேன். அவளும் கெட்டிக்காரி, அதற்குமேல் கேள்வி கேட்டு நேரத்தை வீணாக்காமல் அடுத்த டாஃபியைப் பிரித்தாள்.

பல் ஆஸ்பத்திரியில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாற்காலி ஆறுதான், ஆனால் கூட்டம் இருநூறு. கவுண்டரில் இருந்த பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். குழந்தைக்கு நீங்கள் யார் என்ற கட்டத்தில் 'தாய்மாமன், கிடங்கு சீல் பிரிவுத் தலைமை' என்று எழுதினேன். சீல் பிரிவில் நான் ஒருத்தன்தான், ஆகவே தலைமையும் நான்தான். அவள் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே மரியாதை கூடியது எனக்குத் தெரிந்தது.

டாக்டரம்மாவுக்கு வயது மிஞ்சிப்போனால் இருபத்தைந்து இருக்கும். எங்கள் கிடங்குக்கு வேலை கேட்டு வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் வளர்ந்துவிட்டு வாம்மா என்று சொல்லியிருப்பேன். மிளகைச் சாய்வு நாற்காலியில் ஏற்றிப் படுக்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, விளக்கை இழுத்தார். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

"காலையில என்ன குடுத்தீங்க?"

"லேசாத்தான்" என்றேன்.

கொக்கி மாதிரி ஒரு கம்பியால் ஒரு பெரிய டாஃபித் துண்டை எடுத்துத் தட்டில் வைத்தார். "இது லேசா சார்?"

பெரியவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதை அந்தப் படிப்பில் சேர்க்கவில்லை போலிருக்கிறது. பிறகு பல்லையெல்லாம் சுத்தம் செய்துகொண்டே விளக்கினார். கடவாய்ப் பல்லின் மேல் பக்கம் மலையும் பள்ளமுமாக இருக்குமாம். பள்ளத்துக்குள் பிரஷ்ஷின் முடிகூடப் போகாதாம். சாப்பிட்டதெல்லாம் அங்கே போய் உட்கார்ந்துகொண்டு சொத்தையைக் கிளப்புமாம். அதனால் மேலே மெல்லிசாக ஒரு பூச்சைப் பூசி, பள்ளத்தை மூடிவிடுவார்களாம். ஊசி கிடையாது, துளை போடுவது கிடையாது, வலி கிடையாது. சாப்பாடு வழக்கம்போலச் சாப்பிடலாம், பல் விளக்குவதை மட்டும் விடக்கூடாது. அதாவது கதவை மூடாமல் கதவில் இருக்கும் கீறலுக்கு மட்டும் சீல். இப்படி ஒரு வேலையை நான் கேள்விப்பட்டதே இல்லை. இருந்தாலும் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"சீல் நம்பர் என்னம்மா?"

"நம்பரா? நம்பரெல்லாம் இல்ல சார்."

"நம்பர் இல்லாத சீலா? நாளைக்கு யாராவது இத எடுத்துட்டு வேற ஒண்ண வெச்சுட்டா எப்படி கண்டுபிடிப்பீங்க?"

"பாப்பாவோட பல்ல யாரு சார் திருடப்போறாங்க?"

இப்படித்தான் எல்லாரும் முதலில் சொல்வார்கள். நீலமாக ஒரு களிம்பைப் பல்லில் தடவினார்கள், தண்ணீரடித்துக் கழுவினார்கள், பஞ்சை வைத்துக் காயவைத்தார்கள். பல் நன்றாகக் காய்ந்திருந்தால்தான் பூச்சு ஒட்டுமாம், ஒரு சொட்டு எச்சில் பட்டாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமாம். இது எனக்குத் தெரியாதா? ஈரக் கம்பியில் ஈயம் நிற்குமா? ஆனால் வாயில் பஞ்சோடு, கன்னம் உப்பி, மிளகைப் பார்த்ததும் அவளுக்குத் தைரியம் சொல்ல வேண்டுமே என்று கண்ணை உருட்டி ஒரு முகம் காட்டினேன். அவள் குபுக்கென்று சிரித்துவிட்டாள். பல் நனைந்தது. மறுபடி களிம்பு, மறுபடி தண்ணீர், மறுபடி பஞ்சு. இரண்டாவது தடவை நான் முகமே காட்டவில்லை, சும்மாதான் நின்றேன், அதற்கும் சிரித்தாள்.

"சார், நீங்க தயவுசெஞ்சு சுவத்தப் பார்த்து நில்லுங்க" என்றார் டாக்டரம்மா.

இருபத்தெட்டு வருஷ அனுபவத்தோடு நான் சுவரைப் பார்த்து நின்றேன், தங்கச்சி. சுவரில் ஒரு குழந்தையின் படம் இருந்தது. அதுவும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. மூன்று பல் அப்படியே முடிந்தது.

நாலாவது பல்லுக்கு வந்தபோதுதான் அந்தச் சம்பவம். பூச்சைப் பூசியதும் அது இறுகுவதற்காக ஒரு கருவியிலிருந்து நீல வெளிச்சம் அடிப்பார்கள். அதுவரை சுவரில் லேசாகத்தான் தெரிந்தது. நான் திரும்பிய நேரம் பார்த்து நேராக வாய்க்குள் அடித்தார்கள். வெல்டிங் பட்டறை மாதிரி இருந்தது. குழந்தைதானே, பாவம். கால் இரண்டும் வெடவெடவென்று நடுங்கின. முகம் காகிதம் மாதிரி வெளுத்துவிட்டது, நெற்றியில் வியர்வை பூத்தது. "மாமா, மாமா" என்று அழுகை. உதவிக்கு நின்ற பெண் அலறி அடித்துக்கொண்டு போய் ஒரு ஸ்டூலும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்தாள். எல்லாரும் கதிகலங்கிப்போனார்கள். நான் அசையவில்லை. மலை மாதிரி நின்று, அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டேன். "மாமா இருக்கேன்ல, என்ன பயம்?" என்று ஒரே ஒரு வார்த்தை. அழுகை நின்றது, நடுக்கம் நின்றது, பல் முடிந்தது. டாக்டரம்மாவே என்ன சொன்னார் தெரியுமா? "இந்தக் கை மட்டும் இல்லேன்னா நாலாவது பல்லு இன்னிக்கு முடிஞ்சிருக்காது" என்றார். இதை நீ இரண்டு தடவை படி. ஒரு மாதம் கழித்து ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள், பூச்சு ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு. அந்த நாளில் குழந்தைக்குப் பிடித்துக்கொள்ள எந்தக் கை வேண்டும்? உன் நாத்தனாரின் கையா? அதில்தான் கட்டுப் போட்டிருக்கிறதே!

இனி அந்த மெசேஜ். நீ அதை ஊருக்கெல்லாம் காட்டிவிட்டாய் என்று தெரியும். இருந்தாலும் இங்கே அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை:

'நாலு கடவாய்ப் பல்லுக்கும் சீழ் வைத்தாகிவிட்டது. வலி இல்லை. குழந்தை சிரிக்கிறாள். இதே மாதிரி ஐந்து வருஷம் நிற்கும் என்று டாக்டர் உறுதி சொல்கிறார். ஒரு மாதம் கழித்துச் சீழ் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லாவிட்டால் மறுபடியும் வைத்துவிடுவார். சந்தோஷமாக இரு.'

ஒரே ஒரு எழுத்து, தங்கச்சி! நாக்கு ஒன்றுதானே இருக்கிறது, அதற்கு எதற்கு மூன்று ல? ல, ள, ழ என்று வரிசையாக நிறுத்திவைத்திருக்கிறார்கள், ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுக்கவா? நான் எட்டாம் வகுப்பை நடுவில் விட்டது படிப்பு வராமல் அல்ல, அதற்குள்ளேயே தேவையானது எல்லாம் வந்துவிட்டது. இந்த மூன்றில் பெரியதாகவும் கம்பீரமாகவும் இருக்கிறதே என்றுதான் ழவைப் போட்டேன். அனுப்பும்போது மிளகு பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மாமா, இது பழத்துக்குப் போடற ழ."

"பல்லு பழம் சாப்பிடுமா சாப்பிடாதா?"

"சாப்பிடும்."

"அப்ப சரியாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிட்டு, போனைச் சத்தமில்லாமல் வைத்துவிட்டு, அசதியாக இருந்ததால் மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். நீ இருபத்துமூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாய். உன் அண்ணியின் போன் எப்போதும்போல எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியாது. நீ பொறுமையாக இருபத்துநாலாவது தடவை என்னைக் கூப்பிட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டு உன் நாத்தனாரைக் கூப்பிட்டாய்.

வந்தாள். கதவைத் தட்டவில்லை, இடித்தாள். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் கரண்டி, தோளில் வெந்நீர் பிளாஸ்க். எழுந்து உட்கார்ந்து, "வாங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் குழந்தையை ஜன்னல் பக்கம் இழுத்து நிறுத்திவிட்டாள்.

"ஆ காட்டு! நல்லா பெருசா ஆ காட்டு!"

மிளகு காட்டினாள். டார்ச் அடித்தாள். பல் டாக்டர் பூசியது வெள்ளைப் பூச்சு. இவள் கண்ணில் வேறு எப்படித் தெரியும்?

"ஐயையோ! வெள்ளை வெள்ளையா நாலு பல்லுலயும் சீழ்! சீழேதான்! அண்ணா, இத வெச்சுக்கிட்டா நீங்க தூங்கறீங்க?"

"நானா வெச்சேன்? டாக்டர் வெச்சாங்க. நல்லா கெட்டியா வெச்சிருக்காங்க" என்றேன் பெருமையாக. என் மேல் என்ன தப்பு சொல். அவள் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினாள். நீ அங்கே அழ, மாப்பிள்ளை டிக்கெட் தேட, அது வேறு கதை. ஆனால் அதோடு அவள் நிறுத்தவில்லை. ஆள்காட்டி விரலை விட்டுப் பூச்சைச் சுரண்ட ஆரம்பித்தாள். சுரண்டினால் வரவில்லை, எப்படி வரும், சீல் அல்லவா? மிளகுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது, வாயை மூடினாள். உள்ளே விரல் இருந்தது. அவ்வளவுதான் நடந்தது. கடித்துவிட்டாள், கடித்துவிட்டாள் என்று உன்னிடம் அழுதாளாமே, கடிக்கவில்லை, மூடினாள். ஆனால் ஒன்று, அந்தப் பிடியில் விரல் அப்படிக் கன்றிப்போனாலும் நாலு பல்லில் ஒரு பூச்சுக்கும் ஒரு கீறல் இல்லை. டாக்டரம்மா வயதில் சின்னவர்தான், வேலை சுத்தம்.

பிறகு எல்லாருமாக மறுபடி ஆஸ்பத்திரிக்கு. உன் நாத்தனார் விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு முன்னால், குழந்தை நடுவில், உன் அண்ணி பின்னால், அதற்கும் பின்னால் நான். கவுண்டர்ப் பெண்ணை நோக்கி உன் நாத்தனார் கத்திய கத்தலில் அங்கே வைத்திருந்த மீன் தொட்டியில் மீன்கள் ஓரம் ஒதுங்கின.

"காலையில நல்லா இருந்த பிள்ளைக்கு நாலு பல்லுலயும் சீழ் வெச்சு அனுப்பியிருக்கீங்களே!"

அந்தப் பெண் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "ஆமா மேடம், நாலுக்கும் வெச்சாச்சு" என்றாள்.

"பாருங்க, பாருங்க, ஒத்துக்கறா! வெட்கமே இல்லாம ஒத்துக்கறா!"

"ஏன் மேடம், ஏதாவது ஒண்ணு விழுந்துடுச்சா? விழுந்தா சொல்லுங்க, டாக்டர் உடனே வேற வெச்சுடுவாங்க."

"வேற வேறயா! இத எடுக்க முடியுமா முடியாதா?"

"எதுக்கு மேடம் எடுக்கணும்? எல்லாரும் பிள்ளைங்கள கூட்டிட்டு வந்து ஆசையா வெச்சுக்கிட்டுப் போறாங்க. அதோ உட்கார்ந்திருக்காங்களே, அந்த ரெண்டு பாப்பாவுக்கும் இப்ப வெக்கப்போறோம்."

அந்த இரண்டு குழந்தைகளின் அம்மா சட்டென்று எழுந்து இரண்டையும் அணைத்துக்கொண்டாள். காதால் கேட்டால் இரண்டு சொல்லும் ஒன்றுதானே, அவள் என்ன கண்டாள்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கவுண்டர்ப் பெண் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது, உன் நாத்தனார் ஏன் நெஞ்சில் அடித்துக்கொள்கிறாள் என்பதுதான் புரியவில்லை. கடைசியில் சத்தம் கேட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். உன் நாத்தனார் என் மெசேஜை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். படித்தார். கையுறையைக் கழற்றினார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். காலையில் என்னைச் சிரிப்புக் காட்டாதே என்று சுவரைப் பார்க்க நிறுத்தியவர்! அப்புறம் ஒரு தாளில் சீல் என்றும் சீழ் என்றும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டி, இது பூச்சு, இது புண்ணில் வருவது என்றார். "நான் அப்பவே சொன்னேன்ல மாமா" என்றாள் மிளகு, இருநூறு பேருக்கு நடுவில்.

சரி, விஷயம் தெரிந்துபோயிற்றே, உன் நாத்தனார் என்ன சொல்லியிருக்க வேண்டும்? தப்பாகப் புரிந்துகொண்டேன் அண்ணா என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னாளா? "எழுதப் படிக்கத் தெரியாதவங்க கையில பிள்ளைய விட்டா இப்படித்தான்" என்று அங்கேயே நின்று உனக்குப் போன் போட்டாள். நீயும் அதைக் கேட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்துவிட்டாய். அவள் வீட்டைப் பற்றி உனக்குத் தெரியாதா? வாங்கி நாலு வருஷமான சோபாவுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. அங்கே சோபாவுக்கே சீல்தான். குழந்தை எங்கே உட்காருவாள்? எங்கே குதிப்பாள்? இங்கே ஒரு கட்டிலின் காலை அவள் குதித்து உடைத்திருக்கிறாள், நான் ஒரு வார்த்தை சொன்னேனா? செங்கல் வைத்துக்கொடுத்து, மேலே குதி என்றேன்.

எனக்கு எரிச்சல் உன் மேல் இல்லை, தங்கச்சி. எரிச்சல் அந்த எழுத்தின் மேல், அந்த டார்ச்சின் மேல், சமயம் பார்த்துத் தூங்கிய என் கண்ணின் மேல். தினமும் இரண்டு வேளையும் நான் பக்கத்தில் நின்று மிளகைப் பல் விளக்கவைக்கிறேன். காலையில் இரண்டு நிமிஷம், இரவில் இரண்டு நிமிஷம், கிடங்கில் வாங்கிய கடிகாரத்தைப் பார்த்து. டாஃபி டப்பாவை உன் அண்ணி பூட்டி, சாவியை அவளே வைத்துக்கொண்டாள். அந்த டப்பாவுக்கு நானே கம்பி கோத்து, ஈயம் நசுக்கி, நம்பர் போட்டு வைத்திருக்கிறேன். இதைவிட என்ன பாதுகாப்பு வேண்டும்? நீல வெளிச்சத்தில் நடுங்கிய பிள்ளையைக் கொண்டுபோய், விரலை வாய்க்குள் விட்டுச் சுரண்டுகிறவள் வீட்டில் விடாதே. அவளுக்கு நான் பக்கத்தில் இருக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டாரா என்று கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் எல்லா வளமும் பெற்று, கடைசிவரை சொந்தப் பல்லோடு நீடூழி வாழ இந்த அண்ணனின் ஆசி. உன் நாத்தனாருக்கும் ஆசி, அளவாக.

இப்படிக்கு,
உன் நன்மையை மட்டுமே நினைக்கும்
அண்ணன்

பின்குறிப்பு: மடித்து உறையில் போடப்போகும்போது மிளகு கடிதத்தை வாங்கிக்கொண்டு பென்சிலோடு உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தொரு எழுத்துப்பிழையாம். எல்லாவற்றையும் திருத்தி என்னை மறுபடி முழுவதும் எழுதவைத்தாள். ஆனால் ஓரிடத்தைச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

"இங்க என்ன தப்பு? எல்லா ழவும் சரியாத்தானே இருக்கு?"

"எழுத்து சரி மாமா. நான் எப்ப அழுதேன்?"

"அது சும்மா, படிக்க நல்லா இருக்கட்டுமேன்னு."

"அம்மா நம்பிடுவாங்க மாமா. எழுதுங்க."

எழுதுகிறேன். கால் நடுங்கியது உண்மை, முகம் வெளுத்தது உண்மை, ஸ்டூலும் தண்ணீரும் உண்மை. ஆளை மட்டும்தான் மாற்றிவிட்டேன். அந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் எனக்குத்தான் கண் இருண்டது. உன் மகள் வாய் நிறையப் பஞ்சோடு, தலையைக்கூடத் திருப்பாமல், படுத்தபடியே கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா பாராட்டிய கை அதுதான். நான் ஸ்டூலில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேனா, பல் டாக்டர் எதிரில் அப்படி உட்காரக்கூடாது என்பது எனக்குத் தோன்றவில்லை. குனிந்து பார்த்துவிட்டார். "பாப்பாவுக்கு நாலுக்கும் சீல் வெச்சாச்சு சார். உங்களுக்குத்தான் கீழ்க்கடவாயில சீழ் வெச்சிருக்கு, எத்தன நாளா வலி?" என்றார். ஒரே மூச்சில் இரண்டு சொல்லையும் கேட்ட குழப்பத்தில்தான் மெசேஜில் அது போய் விழுந்தது. வலி மூன்று மாதமாக. யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஊசியும் உண்டு, துளையும் உண்டு. "நீங்க கண்ண மூடிக்கோங்க மாமா, நான் கையப் பிடிச்சுக்கறேன்" என்று மிளகு சொல்லியிருக்கிறாள். வெள்ளிக்கிழமை அவளை அனுப்பிவிட்டால் நான் யாரோடு போவேன், தங்கச்சி? உன் அண்ணியைக் கேட்டுப் பார்த்தேன், வரமாட்டாளாம், அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுமாம்.